இரத்தம் ஊறக் காய்ச்சிய கஞ்சி

எழுபதுகளின் நடுப்பகுதியில் நெடுந்தீவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் அப்போது இங்கே கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வைத்தியம் பற்றி எழுத எனக்குத் தகுதி போதாது. ஆனாலும் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல அவ்வளவு படிப்பு வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அம்மாவை ஏன் மீன் வலைக்கு மேலே படுக்க வைத்துக் கொண்டுபோனீர்கள் என்று என் பிள்ளைகள் இப்போதும் கேட்கிறார்கள். அவர்களுக்கும், அவர்கள் வயதில் இதை வாசிக்கிற மற்றப் பிள்ளைகளுக்குமாக, எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதயத்துக்குள்ளே சின்னக் கதவுகள் மாதிரிச் சில இருக்கின்றன. இரத்தம் ஒரு பக்கமாக மட்டும் போக, அவை திறந்து மூடும். என் மனைவிக்குச் சிறுவயதில் தொண்டை நோவும், அதற்குப் பிறகு மூட்டுகளில் வீக்கமும் காய்ச்சலும் வந்ததாம். அந்த நாளில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்தக் காய்ச்சல் போகும்போது இதயத்தின் ஒரு கதவை இறுகப் பண்ணிவிட்டுப் போயிருக்கிறது. கதவு வடிவாகத் திறக்காவிட்டால் உள்ளே இரத்தம் தேங்கும். தேங்கினால் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டியில் ஒரு துணிக்கை உடைந்து மூளைக்குப் போய்விட்டால் கைகால் இழுத்துவிடும்.

எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு நாள் மனைவி தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவள், கையிலிருந்த பாதித் தேங்காயை நழுவவிட்டாள். எடுக்கப் போனால் கை போகவில்லை. என்னைக் கூப்பிட வாய் திறந்தாள். சொல் சொல்லாக வரவில்லை. மாலையாகக் கையும் பேச்சும் திரும்பி வந்துவிட்டன. ஆனால் யாழ்ப்பாணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: இந்த முறை திரும்பி வந்தது, அடுத்த முறை வருமென்று சொல்ல ஏலாது.

அதற்குத்தான் இரத்தம் உறைவதைக் குறைக்கிற மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, கொடுத்தார்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் போட வேண்டும். இந்தக் குளிசையின் பொல்லாத குணம் என்னவென்றால், அளவு குறைந்தால் பழையபடி கட்டி வரும். அளவு கூடினால் இரத்தம் உறையவே மாட்டாது. சின்னக் கீறலும் நிற்காது. காயம் இல்லாமலே உள்ளுக்குள் கசியவும் கூடும். சங்கக்கடைத் தராசில் முள் நடுவில் நிற்கிற மாதிரி, இரண்டு பக்கமும் சாயாமல் வைத்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் அளவு வேறு. அதனால் மாதத்துக்கு ஒரு முறையாவது இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் டொக்டர் குளிசையைக் கூட்டுவார், குறைப்பார்.

அந்தச் சோதனை தீவில் செய்ய ஏலாது. மோட்டார் வள்ளத்தில் குறிகட்டுவானுக்கு வந்து, பிறகு பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போக வேண்டும். முதல் முறை போனபோது ஆய்வுகூடத்தில் இருந்தவர் மனைவியின் கையில் இரத்தம் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, சும்மாதானே நிக்கிறியள். உங்கட இரத்தத்திலையும் கொஞ்சம் தாங்கோவன். பக்கத்திலை வைச்சுப் பாக்க ஒரு சுகதேகியின்ர இரத்தம் வேணும்."

"நான் சுகதேகி எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"இவ்வளவு பெரிய மீசையை வைச்சுக்கொண்டு வேறென்ன, வருத்தக்காரர் எண்டே சொல்லப்போறியள்?"

மனைவி சிரித்துவிட்டாள். நான் கையை நீட்டினேன். எடுத்த இரத்தத்தைச் சுழற்றித் தெளிந்த நீரை வேறாக்கி, இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்களில் விட்டு, உடம்புச் சூட்டில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தைக் கலந்து, கையிலிருந்த மணிக்கூட்டை அமத்திவிட்டு, குழாயைச் சரித்துச் சரித்துப் பார்த்தார். தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கட்டத்தில் பால் தயிரானது போல அப்படியே நின்றுவிடும். அதுதான் உறைகிற நேரம். என்னுடையது கெதியாக நின்றது. மனைவியுடையது அதைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. அதுதான் அவளுக்கு வேண்டிய அளவு என்றார்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவு அவவுடையது. நெடுந்தீவில் ஓலை வேலி குறைவு. கடற்கல்லை அடுக்கிக் கட்டிய கல்வேலிதான். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலே ஓர் ஆள் புகுந்து வரக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. அந்தப் பொட்டால்தான் அக்கா வருவா. என் மனைவியைச் சொந்தத் தங்கைச்சியைப் போல வைத்திருந்தா.

முதல் சோதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கா மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்தா. இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எவ்வளவு எடுத்தவங்கள்?"

"கொஞ்சந்தான் மச்சாள். ஒரு ஊசிக்குள்ளை."

"கொஞ்சமோ? மாதா மாதம் எடுத்தால் இந்த உடம்பிலை என்ன மிஞ்சும்? வெளுத்துப்போய் இருக்கிறீர். வருத்தக்காரியிட்டைப் போய் இரத்தத்தை உறிஞ்சிற வைத்தியத்தை நான் எங்கையும் கேள்விப்படேல்லை."

அடுத்த நாள் விடிய அக்கா பொட்டால் வந்தா. கையில் ஒரு மண்சட்டி. சட்டி நிறைய இலைக்கஞ்சி.

எங்கள் பக்கத்தில் உடம்பு தேறாதவர்களுக்கு இலைக்கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது வழக்கம். மாரி மழைக்குப் பிறகு கல்வேலியெல்லாம் முசுட்டையும் மொசுமொசுக்கையும் படர்ந்து கிடக்கும். அவற்றோடு முருங்கையிலை, முல்லையிலை எல்லாம் சேர்த்து அம்மியில் அரைத்து, சாற்றைப் பிழிந்து, அரிசிக் கஞ்சியில் விட்டு, தேங்காய்ப்பாலும் உள்ளியும் மிளகும் சேர்ப்பார்கள். கரும்பச்சை நிறமாக இருக்கும். அதைக் குடித்தால் இரத்தம் ஊறும் என்பது ஊரார் நம்பிக்கை. சாமான்கள் தட்டுப்பாடான காலம் அது. மாவும் சீனியும் பங்கீட்டுக் கூப்பனுக்குத்தான். ஆனால் இலைக்குத் தட்டுப்பாடு இல்லை. அக்காவின் அன்புக்கும் இல்லை.

மனைவிக்கு அந்தக் கைப்பு அவ்வளவு பிடிக்காது. "மச்சாள், பாதி போதும்" என்பாள். "மூக்கைப் பொத்திக்கொண்டு குடியும். முடிச்ச பிறகுதான் சட்டியைக் கொண்டுபோவன்" என்று அக்கா பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பா. ஒரு நாளும் தவறியதில்லை. மழை பெய்தாலும் தலையில் ஓலைப்பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வருவா.

அடுத்த மாதம் போனபோது மனைவியின் குழாய் என் குழாயோடு கிட்டத்தட்டச் சேர்ந்தே நின்றுவிட்டது. ஆய்வுகூடத்தில் இருந்தவர் திரும்பவும் ஒரு முறை செய்து பார்த்தார். அதேதான். டொக்டருக்கு முகம் மாறியது.

"அம்மா, குளிசையை விடாமல் போடுறீரோ?"

"ஓம் ஐயா. இவர்தான் கையிலை எடுத்துத் தாறவர்."

"ஒரு நாளும் தவறேல்லை ஐயா" என்று நானும் சொன்னேன். குளிசை போடாமல் எறிகிறோம் என்று நினைக்கிறாரோ என்று எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

"வேற மருந்து, நாட்டு மருந்து ஏதும் எடுக்கிறீரோ? சாப்பாட்டிலை ஏதும் மாற்றம்?"

"இல்லை ஐயா. பழையபடி சோறும் மீனுந்தான்."

பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அவள் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் அது பொய்யாகத் தெரியவில்லை. மருந்து என்றால் எங்களுக்கு ஆஸ்பத்திரியில் தருவது, அல்லது நாட்டுப் பரியாரியார் தருவது. சாப்பாடு என்றால் சோறும் கறியும். விடிய வருகிற கஞ்சி எங்கள் மனத்தில் மருந்திலும் சேரவில்லை, சாப்பாட்டிலும் சேரவில்லை. அது அக்கா தருவது. அவ்வளவுதான்.

டொக்டர் குளிசையைக் கூட்டினார். கூட்டினால் அடிக்கடி பார்க்க வேண்டும், இரண்டு கிழமையில் வாருங்கள் என்றார். இரண்டு கிழமையில் திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள். பஞ்சைக் கண்ட அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப மாதத்துக்கு இரண்டு தரமோ? தம்பி, நீ கேக்க மாட்டியோ? வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ?"

"அக்கா, பாத்துத்தான் மருந்து குடுக்க வேணுமாம்."

"கண்ணாலை பாக்கட்டும். எடுத்துத்தான் பாக்க வேணுமோ?"

அன்றிலிருந்து கஞ்சி இன்னும் தடிப்பானது. மாலையிலும் முருங்கையிலை வறை வரத் தொடங்கியது. அடுத்த சோதனையிலும் குழாய் கெதியாகவே நின்றது. டொக்டர் இன்னும் அரைக் குளிசை கூட்டினார். இப்படிக் கூட்டிக் கூட்டி, ஒரு மாதம் சோதனை சரியாக வந்தது. அதற்கு அடுத்த மாதமும் சரி. "இதுதான் உம்மட அளவு, இனி இதையே போடும்" என்றார் டொக்டர். எங்களுக்குப் பெரிய ஆறுதல். அக்காவுக்கும் ஆறுதல். மனைவியின் கன்னத்தில் இரத்தம் ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னா.

வைகாசி முடிய அக்காவின் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியது. மகள் கலியாணம் முடித்துக் கிளிநொச்சிப் பக்கம் காணி செய்துகொண்டு இருந்தாள். அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டா. போகும்போது மனைவியிடம், "நான் வரும்வரை நீரே அரைச்சுக் காய்ச்சிக் குடியும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனா. ஆனால் அம்மி அரைப்பது பாரமான வேலை. பாரமான வேலை செய்ய வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்கும் கடை நேரம். உண்மையைச் சொன்னால் மனைவிக்கு அது ஒரு விடுதலை.

"மச்சாள் இல்லாதது கவலைதான். ஆனால் விடிய எழும்பிப் பச்சைச் சட்டியைப் பாக்காதது நல்லாய்த்தான் இருக்கு" என்று சிரித்தாள். காலையில் வெறும் தேநீரோடு நிறுத்திக்கொண்டாள். குளிசை மட்டும் தவறவில்லை. கூட்டிய அளவு அப்படியே.

அந்த மாதம் தென்மேற்கில் இருந்து வருகிற சோளகக் காற்று பலமாக எழும்பிவிட்டது. சோதனைக்குப் போக வேண்டிய நாளில் மோட்டார் வள்ளம் ஓடவில்லை. அடுத்த நாளும் ஓடவில்லை. போன இரண்டு முறையும் சரியாகத்தானே இருந்தது, காற்று விழுந்த பிறகு போவோம் என்று இருந்துவிட்டோம்.

முதலில் பல் விளக்கும்போது முரசில், பல் ஈறில், இரத்தம் தெரிந்தது. உமிக்கரி உரஞ்சியிருக்கும் என்று நினைத்தோம். பிறகு, கிணற்றடியில் வாளி தட்டிய இடத்தில் ஒரு நீலம். வாளி தட்டினால் நீலம் வரும்தான். ஆனால் அது நாளுக்கு நாள் பெருத்து முழங்காலில் இருந்து கணுக்கால் வரை இறங்கியது. ஒரு மத்தியானம் நான் கடையில் நிற்கும்போது ஆள் வந்து கூப்பிட்டது. ஓடிவந்து பார்த்தால் மனைவி குசினி வாசலில் குனிந்து இருக்கிறாள். மூக்கால் இரத்தம். பெருக்காக இல்லை. ஆனால் நிற்கவில்லை. பிடித்த துணி நனைந்து, மாற்றிய துணியும் நனைந்துகொண்டிருந்தது. சின்னவன் பக்கத்தில் நின்று, "அம்மா, அண்ணாந்து பாருங்கோ" என்று அழுகிறான்.

டொக்டர் இல்லாத தீவு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா மூக்கில் துணி அடைத்து அமத்திப் பிடித்தார். ஒருவாறு குறைந்தது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

"குளிசையை இப்பவே நிப்பாட்டுங்கோ. ஊசி போட எனக்குப் பயமாய் இருக்கு, குத்தின இடமும் நிக்காது. இரத்தம் நல்லாய் இளகிப் போச்சுது. மாத்து மருந்து இஞ்சை இல்லை. யாழ்ப்பாணம் கொண்டுபோகத்தான் வேணும்."

"கடல் இப்பிடி இருக்கே ஐயா."

"அதுதான் எனக்கும் யோசனை. வள்ளத்திலை எங்கையாவது தலை அடிபட்டால் உள்ளுக்கை இரத்தம் போகும். இஞ்சை வைச்சிருந்தாலும் பயந்தான். நீங்கள்தான் முடிவெடுக்க வேணும்."

கூட்டிப்போனாலும் பயம், விட்டாலும் பயம். கடைக்கு வருகிற ஒரு மீனவர் இருந்தார். கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், தலைமுறையாகக் கடலில் வாழ்ந்தவர்கள். இயந்திரம் பூட்டிய வள்ளம் வைத்திருந்தார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து காற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"விடியற்காலமை காத்துக் கொஞ்சம் விழும். வெயில் ஏற முந்திக் குறிகட்டுவானைப் பிடிச்சிடலாம்."

"அடிபடக் கூடாதாம் அண்ணை. கண்டிப்பாய்ச் சொல்லிப்போட்டார்."

"அடிபடாமல் கொண்டுபோறது என்ர வேலை. அவவைப் பயப்படாமல் இருக்கச் சொல்லும்."

விடிய நாங்கள் கரைக்குப் போனபோது அவர் வள்ளத்தின் அடியில் காய்ந்த வலைகளையெல்லாம் மடித்து மடித்து, மெத்தை மாதிரி இடுப்பளவுக்கு அடுக்கி வைத்திருந்தார். பக்கப் பலகைகளுக்கும் வலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். அதற்கு மேலே அவருடைய மனைவி தங்கள் வீட்டில் இருந்த தலையணைகளையெல்லாம் கொண்டுவந்து போட்டிருந்தா. அலையில் தூக்கிப் போட்டாலும் மரத்தில் முட்டாது. மனைவியை நடுவில் படுக்க வைத்தோம். மூக்கில் துணியோடு அவள் மெல்லக் கேட்டாள்:

"நான் என்ன மீனோ?"

"ஓம் தங்கச்சி, நல்ல பெரிய மீன். ஐஸ் போடேல்லை எண்டு குறை நினையாதையும்."

அதோடு அவர் வள்ளத்தைக் கடலுக்குள் விட்டார். ஒவ்வோர் அலையையும் பார்த்துப் பார்த்து, இயந்திரத்தைக் குறைத்துக் கூட்டி, சரிந்து ஏறி இறங்கினார். நான் மனைவியின் தலையை மடியில் பிடித்துக்கொண்டு இருந்தேன். வழக்கமாகப் போகிற தூரம்தான். அன்று முடியாத தூரமாக இருந்தது. குறிகட்டுவானில் இறங்கியதும் அவரே ஓடி ஒரு கார் பிடித்துத் தந்தார். கையில் ஏதாவது கொடுக்கப் போனேன். "முதலில் ஆளைக் கொண்டுபோம்" என்று கார்க் கதவைச் சாத்திவிட்டார்.

ஆய்வுகூடத்தில் அதே ஆள்தான். என் மீசையைப் பற்றி அன்று கேலி பேசவில்லை. இருவரிடமும் இரத்தம் எடுத்தார். இரண்டு குழாய்களும் தொட்டிக்குள் போயின. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையது நின்றது. அவர் மனைவியின் குழாயைச் சரித்தார். ஓடியது. மற்றப் பக்கம் சரித்தார். ஓடியது. இரண்டு மடங்கு நேரம் போயிருக்கும். ஓடியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. சரித்துக்கொண்டே இருந்தார். அது தண்ணீர் மாதிரியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. பிள்ளைகளே, ஒரு குழாய்க்குள் இருந்த அந்தச் சொட்டு நீர் நின்றால் போதும் என்று நான் கும்பிட்ட மாதிரி எந்தக் கோயிலிலும் கும்பிட்டதில்லை. கடைசியில் அவர் மணிக்கூட்டை அமத்திவிட்டு, "டொக்டரிட்டை நானே கொண்டுபோறன்" என்று எழும்பி ஓடினார்.

டொக்டர் கை நரம்பில் மெல்ல மெல்ல ஒரு ஊசி மருந்து ஏற்றினார். அன்று முழுவதும் தாதிமார் அடிக்கடி வந்து மூக்கையும், காலில் இருந்த நீலத்தையும், கண்ணையும் பார்த்தார்கள். பேச்சுக் கொடுத்து நினைவு தெளிவாக இருக்கிறதா என்று கவனித்தார்கள். அடுத்த நாள் திரும்பவும் இரண்டு குழாய். இந்த முறை என்னுடையது நின்று, கொஞ்சம் பொறுத்து அவளுடையதும் நின்றது. ஆய்வுகூடத்தில் இருந்தவர் அப்போதுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று டொக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"போன மாதம் சரியாய் இருந்தது. குளிசை அதே அளவு. கூடப் போட்டீரோ?"

"இல்லை ஐயா."

"அப்ப வேற என்னவோ மாறியிருக்கு. ஏதாவது நோவுக்குக் குளிசை? காய்ச்சல்? வயித்தோட்டம்?"

ஒன்றும் இல்லை.

"சரி. விடிய எழும்பினதிலை இருந்து படுக்கும் வரை வாயிலை வைக்கிற ஒவ்வொண்டையும் சொல்லும். தண்ணியையும் விடாமல் சொல்லும்."

மனைவி யோசித்துச் சொன்னாள். "விடிய வெறும் தேத்தண்ணி ஐயா. மச்சாள் ஊரிலை இல்லை, அதாலை."

"மச்சாள் இருந்தால்?"

"கஞ்சி கொண்டருவா. இலைக்கஞ்சி."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "எவ்வளவு?"

மனைவி இரண்டு கையாலும் சட்டியின் அகலத்தைக் காட்டினாள். டொக்டர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன இலை, எத்தனை மாதமாக, எப்போது நின்றது என்றெல்லாம் கேட்டார். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் மெல்லத் தலையை ஆட்டினார்.

"அம்மா, கரும்பச்சை இலையிலை ஒரு சத்து இருக்கு. இரத்தம் உறைய அதுதான் வேணும். நேற்று நான் ஏத்தின ஊசியும் அதே சத்துத்தான். உம்மட மச்சாள் ஒவ்வொரு நாளும் சட்டியாலை ஒரு பக்கம் இழுத்தா. எனக்கு அது தெரியாது. நான் மற்றப் பக்கம் குளிசையைக் கூட்டிக் கூட்டி இழுத்தன். ஒருவாறு கயிறு நடுவிலை நிண்டுது. பிறகு அவ கிளிநொச்சிக்குப் போயிட்டா. கயிறிழுக்கேக்கை ஒரு பக்கம் கையை விட்டால் மற்றப் பக்கம் என்ன ஆகும்?"

எனக்கு அந்த நேரம் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தேடி அலைந்து கடல் தாண்டி வந்து ஏற்றிய மருந்து அக்காவின் சட்டிக்குள் இருந்திருக்கிறது. ஆபத்தின் ஒரு பாதியும் அதற்குள்தான் இருந்திருக்கிறது.

"அப்ப இனி இலையே சாப்பிடக் கூடாதோ ஐயா?" என்று கேட்டேன்.

"ஆர் சொன்னது? சாப்பிடட்டும், நல்லதுதானே. ஆனால் ஒரு நாள் சட்டி, ஒரு நாள் ஒண்டுமில்லை எண்டு இருக்கக் கூடாது. எப்பவும் ஒரே மாதிரி இருந்தால் நான் குளிசையை அதுக்கு ஏத்த மாதிரி வைப்பன். நான் கேட்டனான், நீங்களும் பொய் சொல்லேல்லை. இனி நான் வேற மாதிரிக் கேக்க வேணும். நீங்களும் எல்லாத்தையும் சொல்ல வேணும்."

குறைந்த அளவுக் குளிசையோடு வீட்டுக்கு வந்தோம். சில நாளில் அக்காவும் பேரன் பிறந்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தா. வந்த அடுத்த நாள் விடிய, பொட்டால் சட்டியோடு நிற்கிறா. மனைவி என்னைப் பார்த்தாள். நான் சொல்லத்தான் வேண்டும். என் ஆயுளில் சொல்லக் கஷ்டப்பட்ட சொற்களில் அவையும் சில. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அக்கா சட்டியைக் கீழே வைத்தா.

"அப்ப நானோ இவவைக் கொல்லப் பாத்தனான்?"

"ஐயோ, இல்லை மச்சாள்" என்று மனைவி கையைப் பிடித்தாள்.

"இரத்தம் ஊறட்டும் எண்டுதானே குடுத்தன்" என்றா அக்கா. பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. போகும் வழியில் கஞ்சியை முருங்கை மரத்தடியில் ஊற்றியதை நான் பார்த்தேன். சில நாட்கள் அந்தப் பொட்டால் யாரும் வரவில்லை. மனைவிக்கு இரத்தம் போனபோதுகூட வீடு அப்படி வெறிச்சென்று இருந்ததில்லை.

சோதனைக்குப் போகிற நாள் வந்தது. விடிய இறங்குதுறைக்குப் போனால், அக்கா நல்ல சேலை உடுத்து, கையில் ஒரு பையோடு நிற்கிறா.

"நானும் வாறன். உந்த டொக்டரிட்டை எனக்கு ஒரு கதை இருக்கு."

வழி முழுவதும் என்ன கதை என்று சொல்லவில்லை. சண்டை பிடிக்கப் போகிறாவோ என்று நான் பயந்துகொண்டு போனேன். சோதனை முடிந்து டொக்டருக்கு முன்னால் இருந்தவுடன் அக்கா பைக்குள் கையை விட்டு, தேநீர் குடிக்கிற ஒரு சின்னத் தகரப் பேணியை எடுத்து மேசையில் வைத்தா.

"ஐயா, நான்தான் அந்த மச்சாள். இந்தப் பேணியாலை ஒரு பேணி கஞ்சி. விடியமை மட்டும். மாரியிலையும் இதுதான், கோடையிலையும் இதுதான். நான் ஊருக்குப் போனாலும் ஆரையாவது வைச்சுக் குடுப்பிப்பன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். இதுக்குக் கணக்காய்க் குளிசை வைக்க உங்களுக்கு ஏலுமோ?"

டொக்டர் பேணியைக் கையில் எடுத்து, உள்ளே பார்த்து, திரும்ப வைத்தார்.

"ஏலும் அம்மா. இப்பிடி அளவு சொல்லிற ஆள்தான் எனக்கு வேணும். இன்னும் அரைப் பேணி குறைச்சால் என்ன?"

"ஐயா, பேரம் பேசாதையுங்கோ. முந்தி ஒரு சட்டி குடுத்தனான்."

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்ததை நானும் கண்டேன். பேணி அளவு அப்படியே நின்றது. மருந்துத் துண்டில் குளிசையின் அளவுக்குக் கீழே 'கஞ்சி, ஒரு பேணி, காலை' என்று டொக்டர் தன் கையாலே எழுதித் தந்தார். அதற்குப் பிறகு வந்த சோதனைகளில் மனைவியின் குழாய் நிற்க வேண்டிய நேரத்தில் நின்றது. சில மாதம் கொஞ்சம் முந்தும், சில மாதம் கொஞ்சம் பிந்தும். டொக்டர் கால் குளிசை கூட்டுவார், குறைப்பார். அவ்வளவுதான்.

இப்போதும் மாலையில் நான்தான் குளிசையை எடுத்துக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது, "இண்டைக்கு வேற என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்கிறேன். "உங்கட விசாரணை தொடங்கிட்டுதோ" என்று மனைவி அலுத்துக்கொள்கிறாள். ஆனால் ஒன்று விடாமல் சொல்கிறாள். அன்று எங்கள் வீட்டில் அன்பு குறையவில்லை, மருந்து குறையவில்லை, டொக்டரின் கவனமும் குறையவில்லை. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் இருந்தது, அது மட்டுமே அவளைக் கடல்வரை கொண்டுபோனது. ஆகையால் ஒருவருக்கு நல்லது செய்கிறபோது அதை அவரைப் பார்க்கிற மற்றவருக்கும் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும் என்பதை, விடியற்காலையில் கல்வேலிப் பொட்டால் அந்தச் சின்னப் பேணி வருவதைக் காணும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.